மலைக்கு ஏறிய உப்புத் தண்ணீர்

செம்மேடு, கொல்லிமலை
2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே கால் மணி. பெரிய மீன் எட்டு. குஞ்சுகள் எத்தனை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, எண்ணி முடிப்பதற்குள் இடம் மாறிவிடுகின்றன.

அன்புள்ள வித்யாக்கண்ணுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், இன்றைய நிலவரப்படி தொட்டியும் சுகம். அங்கே நீயும் உன் இடது முழங்காலும் சுகமா என்பதற்குப் பதில் எழுது. நல்லா இருக்கேன் என்று ஒரே வரியில் முடிக்காதே, வீக்கம் இருக்கிறதா இல்லையா என்று எழுது. நீ விட்டுப் போனபோது மீன் பன்னிரண்டு. இப்போது எட்டு என்றால் கணக்கு உனக்கே தெரியும். நான்கு செத்துவிட்டன. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். செத்தவை கருவாலி, மஞ்சள் இரண்டு, எப்போதும் மூலையில் நிற்குமே அந்தச் சாம்பல் பெட்டை. இன்ஸ்பெக்டர் பிழைத்துவிட்டார். இதை எழுதும்போது கண்ணாடியை ஒட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ரோந்து போய்க்கொண்டிருக்கிறார். ஆபத்து தாண்டிவிட்டது. அழுவதானால் முழுவதையும் படித்துவிட்டு அழு, பாதியில் நிறுத்தாதே.

ஜூலையில் உன்னைத் திரும்ப விளையாட்டு விடுதிக்கு அழைத்துப் போன அன்று செம்மேடு பஸ் ஸ்டாண்டில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. மீன் ஒண்ணு செத்தாலும் நான் பையத் தூக்கிட்டு வந்துருவேன், அப்பறம் என்னய அனுப்பக் கூடாது, கையடிச்சுச் சொல்லுங்க என்றாய். பஸ் கிளம்புகிற அவசரத்தில் நானும் கையடித்துக் கொடுத்தேன். வீட்டு மீன்தானே, எங்கே சாகப்போகிறது என்ற தெம்பு. உன் ஓட்டம், உன் படிப்பு, நீ தேர்வில் ஜெயித்து வாங்கின இடம் எல்லாவற்றையும் ஐம்பது கிராம் கூடக் கனக்காத பன்னிரண்டு கப்பி மீன்களின் முதுகில் ஏற்றி வைத்தோம் என்பது அப்போது உறைக்கவில்லை. உறைத்தது பத்து நாள் கழித்து, முதல் இரண்டு மீன் மேலே மிதந்தபோது.

நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் பாடம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். கீழே காளப்பநாயக்கன்பட்டியில் நாம் இருந்த வீட்டில் போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணி என்று எல்லோரும் திட்டுவார்கள். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குளியலறை வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படியும், உன் அம்மா அதைப் புளி வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவள். அந்தத் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவைதான் உன் மீன்கள். அம்மாவுக்கு அங்கன்வாடி வேலை மேலே கிடைத்து ஜூனில் செம்மேட்டுக்குக் குடிவந்தபோது எழுபது கொண்டை ஊசி வளைவிலும் மீன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு நீதான் வந்தாய், இரண்டு கேன் பழைய தண்ணீரும் கூட வந்தது. அதனால்தான் ஜூன் முழுக்க ஒரு குறையும் இல்லை. நீ போனபிறகு தொட்டி என் கைக்கு வந்தது. வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும் என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். நான் பாதிப் பாதியாக மாற்றினேன். காரணம் கேட்டால் சிரிப்பாய். எட்டு வருடமாகக் கீழே ஸ்டார்ச் ஆலையில் பாய்லர் பார்ப்பவன் நான். தண்ணீரில் இருக்கும் கடினத்தன்மையை எடுப்பதுதான் என் பிழைப்பு. கால்சியம் கொஞ்சம் உள்ளே போனால் குழாயில் பாறை மாதிரி ஒட்டும், பாய்லர் சூடேறாது, முதலாளி சூடேறிவிடுவார். ஆக ஹார்ட்னெஸ் என்றால் என் கண்ணுக்கு அது எதிரி, அது இல்லாவிட்டால் நல்ல தண்ணீர். இங்கே நம் வீட்டுக்கு வரும் ஊற்றுத் தண்ணீரைச் சோதித்தேன், கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எந்த மெஷினும் வைக்காமல் மலையே சுத்தம் செய்து அனுப்பிய தண்ணீர் என்று குளிர்ந்துபோனேன். போதாததற்கு இதே மலையில் எடப்புளி நாட்டில் பிறந்தவன் வேறு, ஊற்றுத் தண்ணீரைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. பக்கத்து வீட்டுச் சென்னம்மாளும், அந்தச் சாக்கடத் தண்ணியத் தூக்கி ஊத்துங்க சாமி, இதக் குடிச்சா செத்த மீனும் எந்திரிச்சு ஓடும் என்று ஏற்றிவிட்டார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஊற்றியது நான்.

பிஹெச் காகிதம் வைத்துப் பார்த்தேன், ஏழு, புளிப்பும் இல்லை காரமும் இல்லை. அடுத்த வாரம் ஏழு. அதற்கு அடுத்த வாரமும் ஏழு. சரி, தண்ணீர் நம் பேச்சைக் கேட்கிறது என்று பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஜூலைக் கடைசிச் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால் எல்லாம் அடியில் படுத்திருக்கின்றன, வாலை விரிக்கவே இல்லை, குளிரில் நடுங்குகிற மாதிரி நின்ற இடத்திலேயே ஆடுகின்றன. கருவாலியும் ஒரு மஞ்சளும் மேலே. காகிதத்தை நனைத்தால் நிறம் ஐந்தரைக்குப் போய் நிற்கிறது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பாய்லரில் பிஹெச் இறங்கினால் சோடா போட்டு ஏற்றுவோம். சமையல் கட்டிலிருந்து ஆப்பச் சோடாவை எடுத்து இரண்டு கரண்டி கரைத்து ஊற்றிவிட்டேன். பத்து நிமிடத்தில் எட்டுக்கு வந்துவிட்டது. சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்துச் சாப்பிட உட்கார்ந்தேன். விடிந்தபோது இன்னொரு மஞ்சளும் சாம்பல் பெட்டையும் போய்விட்டன. எட்டு என்பது கெட்ட எண் இல்லை கண்ணு, கீழே போர்வெல்லில் அந்த எண்ணில்தான் அவை வாழ்ந்தன. ஐந்தரையிலிருந்து எட்டுக்குப் பத்து நிமிடத்தில் தூக்கியதுதான் கொன்றது. புளித்த தண்ணீரில் மீன் கழிவு அவ்வளவாக விஷமில்லாமல் அடங்கிக் கிடக்கும், பிஹெச்சைச் சட்டென்று ஏற்றினால் அதே கழிவு அம்மோனியாவாக மாறிச் செவுளைச் சுட்டுவிடும். இது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது, பயந்துபோய் அந்தச் சோடாத் தண்ணீரைப் பாதி இறைத்துவிட்டு மறுபடியும் ஊற்றுத் தண்ணீரை ஊற்றியது மட்டும்தான். அது மறுபடியும் இறங்கத் தொடங்கியது.

உன் அம்மா அன்று பகல் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு பேசியபோது, அவகிட்டச் சொல்லிப் போடாதீங்க, அவ பையத் தூக்கிட்டு வந்து நிப்பா, அதே மாதிரி நாலு வாங்கி உட்டுருங்க என்றாள். நாமக்கல்லில் மீன் கடை வைத்திருக்கும் கார்த்திக்குப் போன் போட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் பாட்டில் வைத்திருக்கிறார். ஏத்தறதுக்கு ஒண்ணு இருக்குதுங்கண்ணா, எறக்கறதுக்கு ஒண்ணு இருக்குது, ரெண்டையும் வாங்கிக்கிட்டா கவலையே இல்லீங்க என்றார். ஏற்றி இறக்கித்தான் நாலைத் தொலைத்தேன், இன்னும் பாட்டிலில் வாங்கி வேறு ஏற்றி இறக்க வேண்டுமா என்று வைத்துவிட்டேன். கருவாலி மாதிரியே ஒன்று இருக்கிறது, படம் அனுப்பட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். கருவாலியின் வாலில் இடது ஓரம் கிழிந்திருக்கும் என்பது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பொய் மீனை வைத்துக்கொண்டு உன்னோடு பேச எனக்கு ஆகாது.

வியாழக்கிழமை ஆலையில் தினப்படி பாய்லர் தண்ணீர்ச் சோதனை. அல்கலினிட்டி, அதாவது தண்ணீரின் காரத்தன்மை பார்ப்பது என்று ஒன்று உண்டு. ஒரு குடுவைத் தண்ணீரில் நிறச்சொட்டு விட்டால் மஞ்சளாக இருக்கும், அதில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள் அசையாது. விட்டுக்கொண்டே இருப்போம், அசையாது, பிறகு ஒரே சொட்டில் சிவந்துவிடும். எத்தனை சொட்டு தாங்கியது என்பதுதான் கணக்கு. எட்டு வருடமாகச் செய்கிற வேலை, கை தானாகச் செய்யும், மண்டை வேறெங்கோ இருக்கும். அன்று மண்டை மீன் தொட்டியில் இருந்தது. கை அப்படியே நின்றது. பக்கத்தில் நான் குடிக்கக் கொண்டுபோன பாட்டில், நம் வீட்டு ஊற்றுத் தண்ணீர். அதைக் குடுவையில் ஊற்றி நிறச்சொட்டு விட்டேன், மஞ்சள். ஒரு சொட்டு அமிலம் விட்டேன். சிவந்துவிட்டது. ஒரே சொட்டு வித்யா. அந்தத் தண்ணீரில் தாங்கிப் பிடிக்க ஒன்றுமே இல்லை. ஆலை போர்வெல் தண்ணீரை எடுத்து விட்டேன், அது சளைக்கவே இல்லை, புரெட் குழாயில் அமிலம் பாதி காலியானது. நம் உப்புத் தண்ணி என்று திட்டினோமே, அதுதான்.

இதை நீ புரிந்துகொள்ளும்படி சொல்கிறேன். என் பைக்கில் நீ பின்னால் உட்கார்ந்து மலை ஏறியிருக்கிறாய். ரோட்டில் குழி இருக்கிறது, ஆனால் முதுகு உடையவில்லை, ஏன்? ஷாக் அப்சார்பர் வாங்கிக்கொள்கிறது. தண்ணீருக்கும் அப்படி ஒன்று உண்டு. சுண்ணாம்புப் பாறையைத் தொட்டு வரும் தண்ணீரில் கார்பனேட் கரைந்திருக்கும், மீன் வைத்திருப்பவர்கள் அதைக் கேஹெச் என்பார்கள். மீன் கழிவால் தினமும் தொட்டியில் கொஞ்சம் அமிலம் ஊறும், அந்தக் குழியையெல்லாம் கேஹெச் வாங்கிக்கொள்ளும், பிஹெச் அப்படியே இருக்கும். நம் மலையில் அப்படிப்பட்ட பாறை இல்லை, மழை விழுந்து அப்படியே ஊறி வருகிறது, மனிதன் குடிக்க அமிர்தம், தொட்டியில் அது ஷாக் அப்சார்பர் கழற்றிய வண்டி. நாம் கீழேயிருந்து கொண்டுவந்த பழைய தண்ணீரில் இருந்த இருப்பை நான் பாதிப் பாதியாக வெளியே கொட்டினேன், மீதியை அமிலம் தின்றது. தின்கிறவரைக்கும் காகிதம் ஏழு என்றே காட்டும். தீர்ந்த அன்று விழுந்துவிடும். நான் எண்ணைப் பார்த்தேன், எண்ணைத் தாங்குவதைப் பார்க்கவில்லை. தொழில்நுட்பம் படித்தவன் செய்கிற மடத்தனம் இதுதான், மற்றவர்களுக்கு இவ்வளவு துல்லியமாகச் செய்ய வராது.

அடுத்துச் செய்தது அவசரமில்லாமல் செய்தது, நம்பு. சனிக்கிழமை ஆலையிலிருந்து இரண்டு கேன் போர்வெல் தண்ணீர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆடிப் பதினெட்டுக் கூட்டம், கீழ்நாட்டு ஜனம் முழுக்க மலைக்கு வருகிறது, திரும்பும்போது பிடித்துப் போக ஆளுக்கொரு காலிக் கேன் வைத்திருக்கிறார்கள், நான் மட்டும் நிறைகேன். கண்டக்டர் செல்லமுத்து என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மலையில இருந்து தண்ணி கீழ போவுறதத்தானுங்க இத்தன வருசமாப் பாத்துருக்கறேன், கொல்லிமலைக்கே தண்ணி கொண்டார மொத ஆளு நீங்கதான், உள்ளுக்குள்ள வேற எதாச்சுமா என்று மூடியைத் திறந்து முகர்ந்தே பார்த்துவிட்டார். வெறும் உப்புத் தண்ணி என்றதும், அய்யோ பாவம், அதுக்கு வேற லக்கேஜ் போடோணுமா என்று விட்டுவிட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், நாலு நாளில் முதல் முறையாக. அதற்கு முன் காளப்பநாயக்கன்பட்டித் தீவனக் கடையில் கிளிஞ்சல் கேட்டேன், முட்டைக் கோழிக்கு ஓடு உறுதியாக இருக்கத் தீவனத்தில் கலப்பார்களே அந்த உடைத்த சிப்பி. எத்தன கோழிங்க என்றார் கடைக்காரர். எட்டு மீனுங்க என்றேன். மீனு முட்ட போடறதுக்குங்களா என்று கேட்டுவிட்டு இரண்டு கை அள்ளிச் சும்மாவே கொடுத்தார். மூட்டையின் மேல் தூத்துக்குடி என்று அச்சடித்திருந்தது. நீ இருக்கிற ஊர்.

கிளிஞ்சலைக் கழுவி, உன் பழைய துப்பட்டாத் துண்டில் கட்டி, பில்டர் தண்ணீர் விழுகிற இடத்தில் தொங்கவிட்டேன். தண்ணீர் புளித்தால் அது கரையும், சரியானால் கரைவது அடங்கிவிடும். யாரும் சொல்ல வேண்டாம், தேவைக்கு மேல் ஒரு சிட்டிகை கொடுக்காது. எனக்கு நேர் எதிர். போர்வெல் தண்ணீரைக் காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர், அவ்வளவுதான். கேனையே கவிழ்த்துவிடலாம் என்று கை பரபரக்கும், உன் அம்மா டம்ளரோடு பக்கத்தில் நின்றுகொள்வாள். நல்ல தண்ணியில உப்பக் கலக்கறவர இப்பத்தான் பாக்கறேன், பாய்லர் வெடிக்காம இருந்தாச் சரி என்று சென்னம்மாள் வேலியோரம் நின்று பேசிவிட்டுப் போவார். ஒரு வாரம் பிடித்தது, ஆறு, ஆறரை, ஏழு, ஏழே கால். அங்கேயே நிற்கிறது. ஆலைக்குக் கொண்டுபோய் அமிலச் சொட்டு விட்டுப் பார்த்தேன், நன்றாகவே தாங்குகிறது. முதலில் இன்ஸ்பெக்டர்தான் வாலை விரித்தார். நேற்று மாலை செம்பட்டைப் பெட்டை குஞ்சு போட்டிருக்கிறது, கடுகுக்குக் கண் வைத்த மாதிரி ஓடுகின்றன. அம்மா சமையலை விட்டுவிட்டு வந்து பார்த்தாள். எனக்கு நேற்று இரவுதான் சாப்பாடு சாப்பாடாக இறங்கியது.

இப்போது உன் விஷயம். ஜூலை நடுவில் போனில் நீ அழுதாய். தண்ணி உப்பு, சோறு பிடிக்கவில்லை, வெயில் தாங்கவில்லை என்றாய். நான் யோசிக்கவே இல்லை, அன்றே பஸ் ஏறி வந்து அழைத்துவந்துவிட்டேன். இரண்டு நாள் இங்கே வைத்திருந்தோம், மறுபடி கொண்டுபோய் விட்டோம். அதற்கப்புறம் இரண்டு வாரம் முன்னைவிட அதிகமாக அழுதாய். வார்டன் அம்மா அப்போதே சொன்னார், இப்பத்தாங்க கொஞ்சம் பழகிட்டிருந்தா என்று. எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது தெரிகிறது, அதுவும் நான் கரைத்து ஊற்றிய சோடாதான். போன ஞாயிறு போன் வந்தபோது மீனைப் பற்றிக் கேட்பாய், நான்கு போனதை எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். விடுதியில் கொடுக்கிற ஐந்து நிமிடமும் நீ உன் புதுச் சிநேகிதி கோகிலாவைப் பற்றியே பேசினாய். கோகிலா கட்டில் மேல் நின்று வார்டன் மாதிரி நடித்துக் காட்டியது, கோகிலா உன் ஷூ லேஸை ஜன்னலில் கட்டிவிட்டது, கோகிலாவை நீ எண்ணூறு மீட்டரில் முந்தியது. சிரித்துச் சிரித்துப் பேச்சே புரியவில்லை. மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்துட்டா பாருங்க என்று உன் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. எனக்குச் செவுள் திறந்த மாதிரி இருந்தது.

நீ கேட்கவில்லை என்பதற்காக நான் சொல்லாமல் விடக் கூடாது, அதற்குத்தான் இந்தக் கடிதம். கையடித்துக் கொடுத்தது கொடுத்ததுதான். நாலு செத்திருக்கிறது, நீ பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் வாசலில் மறிக்க மாட்டேன். ஆனால் வருவதற்கு முன் கோகிலாவிடம் ஒரு தடவை சொல்லிப் பார், அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுது. தண்ணீர் உப்பாக இருந்தாலும் குடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடி, ஓடும் பிள்ளை குடிக்காமல் இருக்கக் கூடாது. விடுதியில் கொடுக்கிற முட்டையை யாருக்கும் தானம் செய்யாதே. முழங்காலுக்குப் பனிக்கட்டி வைக்கச் சொன்னதை மறக்காதே. எங்கள் சாமி நீ, எங்கிருந்தாலும் நல்லா இருக்க வேண்டும், அறப்பளீசுவரன் துணை இருப்பான்.

உன் அப்பா,
மணிவண்ணன்

கையெழுத்துப் போட்டபிறகு அம்மா, இனிமே என்ன பண்ணப் போறீங்கன்னும் எழுதுங்க, சும்மா பாடம் நடத்தாதீங்க என்கிறாள். எழுதுகிறேன்.

1. வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீர்தான் மாற்றுவேன். நீ சொன்னபடி.
2. ஊற்றுத் தண்ணீரையே ஊற்றுவேன், ஆனால் முதல் நாளே பிடித்துக் கிளிஞ்சல் போட்டு வைத்து, மறுநாள் சோதித்துவிட்டு. கேன் இன்னும் சில வாரம் பஸ்ஸில் ஏறும், செல்லமுத்து சிரித்துக்கொள்ளட்டும்.
3. ஆப்பச் சோடா டப்பா இனி உன் அம்மாவின் பொறுப்பில். நான் ஆப்பம் கேட்டாலும் அவள்தான் எடுப்பாள்.
4. குஞ்சுகளுக்குப் பெயர் வைக்க மாட்டேன். அது உன் வேலை, தீபாவளிக்கு வந்து வை.
5. தீபாவளிக்கு முன்னால் உன்னை நானாக அழைக்க வர மாட்டேன். நீ போனில் அழுதால் ஐந்து நிமிடமும் கேட்டுக்கொண்டிருப்பேன், வைக்க மாட்டேன், பஸ்ஸும் ஏற மாட்டேன்.